தூங்கப் போகும் விளக்கும் மூன்று மென்பொருள்களும்

பச்சை வயல் ஒன்று, வரப்பெல்லாம் செம்பு. நாற்றும் இல்லை, நண்டும் இல்லை. வரப்பின்மேல் யாரோ நடந்து போகிறார். நடப்பது தெரியாது, போய்ச் சேர்ந்ததும் விளக்கு எரியும். அது என்ன?

சர்க்யூட் போர்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் என் கடை. கணினியில் நீங்கள் வரைந்து கொண்டுவரும் கோடுகளைச் செம்புத் தகட்டில் பதித்துக் கொடுப்பேன். எங்கள் தொழிலில் கோடு வரைபவர் வாடிக்கையாளர். திட்டு வாங்குபவர் கடைக்காரர். கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள எந்த மென்பொருள் சுலபம் என்று கேட்டுக்கொண்டும் சிலர் வருவார்கள். அவர்களில் எஸ்தரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதுகும் மூஞ்சியும்

எஸ்தர் பொன்னேரிக்கு அருகே உள்ள ஆரணிப் பக்கம். பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், ஈயம் வைத்து முடிந்த போர்டுகளை லென்ஸ் வழியே பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. வடிவமைப்புப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. நீயே வரைந்த போர்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடு, வைத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று அந்தப் பிரிவின் மேடம் சொல்லியிருந்தார். எஸ்தர் ஒரு விளக்கு செய்வது என்று முடிவு செய்தார். பொத்தானை அமுக்கினால் எரிய வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, எப்போது அணைந்தது என்றே தெரியாமல் அணைய வேண்டும். யோசனை அவர் மகள் நான்சியுடையது. இரண்டாம் வகுப்பு. படக்கென்று அணையும் விளக்கு அவளுக்குப் பிடிக்காது.

முதலில் படங்களை வைத்து வரையும் மென்பொருளைக் கொடுத்தேன். உதிரிப் பாகங்களின் படங்களை இழுத்து வைத்து வண்ணக் கம்பியால் சேர்க்கலாம். சிறுவர் பத்திரிகையின் புதிர்ப் பக்கம் போல இருக்கும். எஸ்தர் அழகாகத்தான் வரைந்தார். ஆனால் போர்டு தயாரானதும் பார்த்தால், பாகங்களின் கால்களெல்லாம் இடம் வலமாக மாறிக் கிடந்தன. மென்பொருள் போர்டை மேலிருந்து பார்க்கிறது. எஸ்தர் அடியிலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார். ஈயம் இருப்பது அடிப்பக்கம்தானே. லென்ஸுக்குக் கீழே அவர் பார்த்ததும் அதை மட்டும்தான். நான் இதைச் சொன்னதும் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா போர்டோட முதுகத்தான் சார் பாத்துக்கினு இருக்கேன். மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு யாரு காட்டுனா?"

பட்டனைத் தட்டினால் பாதை

இரண்டாவது, இணையத்தில் ஓடுவது. பாகங்களை வைத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் கோடுகளைத் தானே போட்டுக்கொள்ளும். கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போதே கைப்பேசியில் முடித்துவிட்டார். விளக்கு எரிந்தது. மங்கியது. ஆனால் கையை அருகே கொண்டுபோனால், காற்றில் அகல் ஆடுவதுபோல் நடுங்கியது. பக்கத்துக் காலுக்குப் போக வேண்டிய கோடு ஒன்று, போர்டின் ஓரமெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தது. அவ்வளவு நீளமான கோடு, அருகே வருகிற கையையும் உணர்ந்துவிடும்.

அத்திப்பட்டு மின்நிலையத்தில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் பழனி அப்போது கடையில் இருந்தார். போர்டை வாங்கி அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"ஷேர் ஆட்டோக்காரன் போட்ட ரூட்டு சார் இது. அத்திப்பட்டுல ஏறி பக்கத்துல கீற மீஞ்சூர்ல எறங்குறவன, பொன்னேரி, கவரப்பேட்டை எல்லாம் காட்டி இட்டுக்கினு வருது."

இருட்டுத் திரை

மூன்றாவது இலவசம், ஆனால் பெரியது. கடையின் பழைய கணினியில் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். திரை இருட்டாக இருக்கும். பாகங்களை வைத்ததும், இன்னும் போடாத பாதைகளெல்லாம் மெல்லிய வெள்ளை இழைகளாகத் தெரியும். ஷிப்டு முடிந்து வந்து, எஸ்தர் ஓர் இழையைப் பிடித்துக் கோடாக்குவார். அந்த இழை மறைந்து, அங்கே செம்பு நிறம் வந்திருக்கும். பக்கத்து ஸ்டூலில் நான்சி கன்னத்தில் கை வைத்தபடி, ஓர் ஊர் விடிவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். ரயில் போகும்போது கடைக் கண்ணாடி அதிரும். இருவரும் திரும்ப மாட்டார்கள்.

இந்த மென்பொருள் உங்களுக்காகக் கோடு போடாது. சோதிக்கச் சொன்னால், தவறு உள்ள இடத்தில் அம்புக்குறி வைக்கும், அவ்வளவுதான். முதல் சோதனையில் திரை முழுக்க அம்பு. புதியவர்கள் வழக்கமாக இந்த இடத்தில்தான் எழுந்து போவார்கள். எஸ்தர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்க லைன்ல நான் ஒட்டுற செவப்பு அம்பு ஸ்டிக்கரு மாதிரியே கீது சார். இத்தினி நாளா ஊரான் தப்புக்கு ஒட்டுனேன், இப்ப என்னுதுக்கு."

ஒன்று வீட்டுக்கு

மூன்றாவது போர்டின் விளக்கு நடுங்கவில்லை. மறுநாள் காலை மேடத்திடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரும்பி வராது. அப்போதுதான் எஸ்தர் இன்னொன்றைச் சொன்னார். இரண்டு விளக்கையும் காட்டி, பிடித்ததை நான்சி எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவள் நல்லதை எடுத்துவிட்டால், பட்டனைத் தட்டிச் செய்ததைத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதில் ஒரு கோடுகூட எஸ்தர் போட்டதில்லை. நல்லதை இப்போதே பைக்குள் வைத்துவிடுங்கள், குழந்தைக்கு அடுத்த வாரம் ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

"குடுத்த பேச்ச மாத்துனா அவ என்னிய எப்புடி சார் நம்புவா? எடுக்கட்டும்."

கடை விளக்கை அணைத்தேன். மேஜைமேல் இரண்டும் எரிந்தன. நான்சி இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் கை வந்ததை அறிந்ததுபோல் ஒன்று நடுங்கியது, ஒன்று சும்மா இருந்தது. பிறகு இரண்டும் மங்கத் தொடங்கின. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அணைந்த நேரம் யாருக்கும் தெரியவில்லை.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் டீ ஆறிப்போகும் வரை பதில் சொல்வேன். நான்சி யாரையும் ஒன்றும் கேட்காமல் நடுங்குகிற விளக்கை எடுத்துக்கொண்டாள்.