உங்கப்பாவையே கேளு

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று திருவண்ணாமலை தேரடித் தெருவில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன் என்றால், அது எவர் தயவாலும் இல்லை.

கடை தொடங்கிய நாளிலிருந்து பட்டுப் பிரிவில் நிற்பவர் சேகர். போன மாசம், பி.பி.ஏ. முடித்த தன் மகளை வேலைக்குச் சேர்க்க அழைத்து வந்தார். அவளை என் முன்னால் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். சேல்ஸில் சேரச் சொன்னேன்.

"சேர்றேன் சார். அஞ்சு வருஷத்துல நான் என்னவா ஆவேன்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "மொதல்ல பொடவ மடிக்கக் கத்துக்கோ. அப்புறமா கலெக்டரே ஆவலாம்!"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அந்த ஜோரில், "எங்கிட்ட இருந்தா என்ன ஆவலாம்னு உங்கப்பாவையே கேளேன்" என்றேன்.

சேகர் என்னைப் புகழ்வார் என்று காத்திருந்தேன். வாடிக்கையாளருக்குக் காட்டத் தன் தோளில் போட்டிருந்த பட்டுப் புடவையை எடுத்து மெதுவாக மடித்து வைத்தார். சிரித்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"வாம்மா, வேற எடம் பாத்துக்கலாம்."

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, "வாங்கம்மா, என்ன கலர் பாக்குறீங்க?" என்று அதே இடத்தில் நின்றார். என்மேல் கோபம்கூடக் காட்டவில்லை.

இத்தனை வருஷத்தில் அவரை ஒரு படி மேலே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது தினமும் காலையில் அவர் வணக்கம் சொல்லும்போது, போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறேன்.