கொதிக்கும் குழாயில் ஒரு வில்லை

நெரெய்டா பொம்பாவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அதனால்தான் பதவி உயர்வு வரவில்லை என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் பீங்கான் பிரிவு, நான் எக்ஸ்ரே பிரிவு. ஒரே குடியிருப்பில் எதிரெதிர் வீடு வேறு. எங்களுக்குள் சண்டை இல்லாத நாள் குறைவு.

அவள் செய்துகொண்டிருந்தது சட்டைப் பொத்தான் அளவு பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். அந்தத் துடிப்பைக் குழாயின் சுவருக்குள் அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புகிற நேரத்தைப் பார்த்து, சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் சாதாரண வில்லையைக் கொதிக்கிற நீராவிக் குழாயில் வைத்தால் அதன் துடிப்பே செத்துவிடும், அப்புறம் அது வெறும் ஓட்டுச் சில்லு. சூடு தாங்குகிற வகையை வெளிநாட்டில் விற்கிறார்கள். எங்கள் கியூபாவுக்கு விற்க மாட்டார்கள்.

"விக்க மாட்டானுங்களா? போகட்டும். நாமளே சுட்டுக்குவோம்" என்றாள் நெரெய்டா.

சோவியத் கப்பல்கள் வருவது நின்றுபோய், ஊரே சீன சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த காலம் அது. துறைமுகத்து மின்நிலையத்தை நிறுத்தி, ஆறவிட்டு, குழாய்களை அளப்பதுதான் முறை. நிறுத்தினால் பாதி ஊர் இருட்டு. ஏற்கெனவே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த ஜனங்களிடம் யார் போய்ச் சொல்வது? அதனால் அளக்காமலே ஓட்டினார்கள். நெரெய்டாவுக்கு அது பொறுக்கவில்லை.

பிஸ்மத்தும் டைட்டானியமும் சேர்ந்த பீங்கான் அவளுடையது. உலையில் வைத்தால் பிஸ்மத் ஆவியாகி ஓடிவிடும். அது ஓடாமலிருக்க, அதே பீங்கான் மாவுக்குள் வில்லைகளைப் புதைத்து மூடி போட்டுச் சுடுவாள். அது கைவந்துவிட்டது. அடுத்த தொல்லை பெரியது. வில்லைக்கு உயிர் வர, சூடான எண்ணெயில் முக்கி அதிக மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். இந்தப் பீங்கானோ மின்சாரத்தைக் கசியவிட்டு, படாரென்று பொறி பறந்து நடுவில் ஓட்டையாகிவிடும். அப்படிச் செத்த வில்லைகளை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். "வெக்கமா இல்லையாடி, தோத்ததை எல்லாம் கண்காட்சி வைக்கிற?" என்று கேட்டேன். "ஒளிச்சு வச்சா மட்டும் ஜெயிச்சதா ஆயிடுமா?" என்றாள்.

கடைசியில் துளி நியோபியம் கலந்தால் கசிவு அடங்கும் என்று கண்டாள். அடுத்த சுடலுக்கு மாவு தயார். அந்த நேரம் பார்த்து எங்கள் இயக்குநர் ஃபிரோய்லான் வந்து நின்றார்.

"தோழர் நெரெய்டா, உலையை ஆறவிடுங்க. வெள்ளிக்கிழமை லாரி வருது. ஓட்டல் கடைக்கு ஆஷ்ட்ரே செய்ற பட்டறைக்குக் கொடுத்தாச்சு. டாலர் வர்ற வேலை."

"எதுக்கு? வெள்ளைக்காரன் சாம்பல் தட்டவா?"

"மேலிடத்து முடிவு. உங்க வில்லை ஒண்ணு, ஒரே ஒண்ணு, சூட்டுல வேலை செஞ்சிருந்தா நான் வாதாடியிருப்பேன்."

"அப்போ வாதாடத் தயாரா இருங்க. செஞ்சு காட்றேன்."

வெள்ளிக்கிழமை காலையில் அவள் உலையை ஆறவிடவில்லை. வில்லைகளை உள்ளே வைத்துச் சூடேற்றிவிட்டாள். ஆய்வுக்கூடம் இருந்த குன்று குழந்தைகள் மருத்துவமனையின் மின்பாதையில் இருந்ததால் அங்கே மின்வெட்டு கிடையாது. பிறகு ஒவ்வொரு அறையாகப் போய், "உலை வேணுங்கறவங்க எல்லாம் நடையில வந்து உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆய்வுக்கூடத்துக்கே அது ஒன்றுதான் உலை. அதற்கும் ரொட்டிக்கடை வழக்கம்தான். வருகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார். கடைசி ஆள் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நம் இடம். அப்புறம் வேறு வேலைக்குப் போகலாம், வரலாம், இடம் போகாது. இதை மீறியவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். நெரெய்டா உலையைப் பிடித்துவைத்துக்கொள்கிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. ஆனாலும் ஆஷ்ட்ரேக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன்.

பட்டறை மேஸ்திரி எவாரிஸ்டோ கயிறும் ஆட்களுமாக வந்தார். நடை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பழக்கதோஷம் யாரை விட்டது?

"கடைசி யாரு?"

நான் கை தூக்கினேன்.

"சரி, உங்களுக்கு அடுத்து நான்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கேட்டார்: "என்ன குடுக்கறாங்க? சோப்பா?"

"உலை" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ, நான் அதை எடுத்துட்டுப் போக வந்தவனாச்சே!"

"வந்தவர் கடைசி யாருன்னு கேட்டாச்சு" என்றாள் நெரெய்டா. "இடம் பிடிச்சாச்சு. இத்தனை பேரும் முடிச்சப்புறம் உங்க முறை. தாராளமா எடுத்துட்டுப் போங்க."

சத்தம் கேட்டு இயக்குநர் ஓடி வந்தார். "யோவ் எவாரிஸ்டோ, தூக்கய்யா!"

"கொதிக்குது, எப்படித் தூக்கறது?" என்றார் மேஸ்திரி. "அதுவும் போக, நான் வாய்விட்டுக் கேட்டுட்டேன் தோழரே. இனி முந்தினேன்னா என் வீட்டுக்காரியே எனக்குக் காபி தர மாட்டா. திங்கட்கிழமை வர்றேன்."

போகும்போது என்னிடம், "இடத்தைப் பார்த்துக்குங்கம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

ஆறிய உலையிலிருந்து வெளியே வந்த வில்லைகளில் சில விரிசல் விட்டிருந்தன. நல்லதாக ஒன்றை எடுத்து, வெள்ளிப் பூச்சு பூசி, எண்ணெயில் இறக்கி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினாள். பொறி பறக்கும் என்று நான் கதவருகே நின்றுகொண்டேன். பறக்கவில்லை. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என்னடி பார்க்கற, எண்ணெய்ப் புகை" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மின்நிலையத்துக்குப் போனோம். "இந்த பிஸ்கட்டையா எங்க குழாய்ல வைக்கப்போறீங்க?" என்று சிரித்தார் அங்கிருந்த பொறியாளர் டனிலோ. துடிப்பு தடையில்லாமல் சுவருக்குள் இறங்க, கொதிக்கிற நேர்க்குழாயில் மெல்லிய தங்கத்தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் வில்லையை வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கினாள் நெரெய்டா. நாங்கள் கொண்டுபோன கருவியின் திரையில் எதிரொலி எழுந்தது. காத்திருந்தோம். சூடு ஏறியும் அது சாகவில்லை. சுவரின் கனம், குழாய் வாங்கியபோது இருந்த அளவுக்குச் சரியாக வந்தது. டனிலோ சிரிப்பை நிறுத்தினார்.

பிறகு அவள் வில்லையைக் குழாய் வளைகிற எல்போவுக்கு மாற்றினாள். எதிரொலிகள் சீக்கிரமே திரும்பி, ஒன்றோடொன்று நெருங்கி வந்தன. கழற்றித் திரும்ப நேர்க்குழாயில் வைத்தாள், சரியாக இருந்தது. மறுபடி எல்போ, மறுபடி நெருக்கம்.

"தேஞ்சுபோச்சு. நிறுத்துங்க" என்றாள்.

"நிறுத்தறதாவது! உங்க பிஸ்கட்டை நம்பி பாதி ஊரை இருட்டாக்கச் சொல்றீங்களா?"

"நம்ப வேண்டாம். இந்த எல்போவுக்குக் கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்க மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுங்க. நானும் கூட உட்கார்றேன். சாப்பிட்டு முடிச்சதும் நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே முதலில் உட்கார்ந்துவிட்டாள். டனிலோ எல்போவை அண்ணாந்து பார்த்தார், அவளைப் பார்த்தார். உட்காரவில்லை. போனை எடுத்து, நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் எல்போவை அறுத்து எடுத்தார்கள். டனிலோவே எங்கள் இயக்குநரைக் கூப்பிட்டு, மற்ற வளைவுகளுக்கும் வில்லை வேண்டும் என்றார். உலை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எவாரிஸ்டோவிடம் இயக்குநரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஊர் மட்டும் இருட்டில் கிடந்தது. காரணம் யார் என்று அந்தச் சாயங்காலமே பரவிவிட்டது. எங்கள் குடியிருப்பின் மாடிகளிலிருந்து வசவு கொட்டியது. "வெளிய போகாதடி" என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்! திட்றவங்க முகத்தைக் காட்டித் திட்டுங்க!"

மூன்றாம் மாடி எனெய்டா முகத்தைக் காட்டியே திட்டினாள். "உன் ஆராய்ச்சியில இடி விழ! என் புள்ளைக்குப் பால் காய்ச்ச முடியலடி!"

அவள் புருஷன் மின்நிலையத்தில் ஃபிட்டர். அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தான். கை முழுக்கக் கரி. பெண்டாட்டியை அண்ணாந்து பார்த்தான்.

"எனெய்டா, நிறுத்து. அந்த எல்போவை அறுத்தது நான்தான். சுத்தியல் பட்டதும் தகரமாட்டம் உள்ள போயிடுச்சு." சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னான்: "என் வேலைமேசை அதுக்கு நேர் கீழதான் இருக்கு."

எனெய்டா படியிறங்கி வந்தாள். புருஷனின் கரிபிடித்த முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு நெரெய்டா பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எத்தனை எல்போடி இருக்கு?"

"நிறைய."

"எல்லாத்தையும் பாரு" என்றாள் எனெய்டா. "எத்தனை நாள் இருட்டானாலும் பாரு. எவளாவது வாயைத் திறக்கட்டும், நான் பேசிக்கறேன்."