நெட்டையனா, கட்டையனா?

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், சுவிசில் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவர் என்னைவிட மூத்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. எங்கள் இருவரில் யாரை வைத்திருப்பார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாது. அதை நினைக்காமல் இருப்பதற்காகவே ஞாயிறு பின்னேரங்களில் ஐஸ் ஹொக்கி பார்க்கப் போவோம். கூரையில்லாத மைதானம். சுற்றியிருந்த மரவேலியோரம் நின்றால் மூக்கு விறைத்துவிடும்.

அந்த விளையாட்டைப் பற்றி எங்களுக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனால் அண்ணை ஊரில் உதைபந்தாட்டத்தில் பாக் விளையாடியவர். அதனால் பின்வரிசையில் நின்று கோல் விழாமல் தடுப்பவர்களை மட்டும் கண்வெட்டாமல் பார்ப்பார். உள்ளூர் அணியில் அப்படி இரண்டு இளம் பொடியன்கள் இருந்தார்கள். பெயர் தெரியாததால் நாங்களே நெட்டையன், கட்டையன் என்று வைத்துவிட்டோம். நெட்டையன் இடித்தால் எதிராளி வேலியோடு ஒட்டிக்கொள்வான். கட்டையன் யாரையும் இடிக்கமாட்டான். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே தடியை நீட்டி, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை நைசாக எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

"நெட்டையன்தான் மேல போவான். இவங்களுக்கு உடம்புதானே வேணும்" என்பார் அண்ணை.

"கட்டையனுக்கு மூளை இருக்கு அண்ணை."

"மூளை எங்களுக்கும்தான் இருக்கு. கோப்பைதானே கழுவுறம்?"

ஒருநாள் எங்கள் சமையற்காரர் செய்தி கொண்டுவந்தார். நகரத்துப் பெரிய அணியிலிருந்து ஒருவர் வருகிறாராம். இரண்டு பேரில் ஒருவனைத்தான் எடுப்பாராம்.

அவர் வந்த ஞாயிறு கட்டையன் தன் ஆட்டத்தை ஆடவில்லை. தனக்கும் இடிக்கத் தெரியும் என்று காட்ட நினைத்தானோ என்னவோ, கண்டவனையெல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தான். "இவனுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?" என்று அண்ணை முணுமுணுத்தார். ஒரு தடவை எதிராளி விலகிக்கொண்டான். போன வேகத்தில் கட்டையன் தலை முட்ட எங்களுக்கு முன்னால் வேலியில் மோதினான். விழுந்தவன் எழும்பவில்லை.

எங்கள் ஊர் மைதானத்தில் ஒருவன் விழுந்தால் நாலு பேர் பாய்ந்துபோய்த் தூக்கி, நிழலில் கிடத்தி, சோடா உடைத்து முகத்தில் அடிப்போம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அண்ணையும் நானும் வேலியால் ஏறிக் குதித்துவிட்டோம். சப்பாத்து வழுக்க, முழங்காலிலேயே அவனிடம் போனேன். கண்கள் திறந்திருந்தன. "பயப்பிடாதையடா" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அவன் கமக்கட்டுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்தேன். அண்ணை கால்களைப் பிடித்தார்.

அப்போது நெட்டையன் வந்து என் நெஞ்சில் ஓங்கித் தள்ளினான். மல்லாக்க விழுந்தேன். எனக்குப் பொல்லாத கோபம். மற்றவன் எழும்பிவிட்டால் தன் இடம் போய்விடும் என்று பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தால், அவன் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஐசில் குப்புறப் படுத்திருந்தான். கட்டையனின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தான். அம்புலன்ஸ் வரும்வரை விடவேயில்லை. ஐசில் கிடந்த அவன் விரல்கள் சிவந்து, பிறகு வெளிறிப்போயின. வேறொருவர் மாற்றிப் பிடிக்க வந்தபோதும் தலையாட்டி மறுத்தான். அழுதுகொண்டிருந்தான்.

கட்டையனுக்குக் கழுத்து எலும்பு உடைந்திருந்தது. தூக்கியிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்று சமையற்காரர் பிறகு விளங்கப்படுத்தினார். அன்றிரவு அண்ணையும் நானும் சாப்பிடவில்லை. கட்டையன் உயிர் தப்பினான். ஆனால் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

பெரிய அணிக்கு நெட்டையனைத்தான் எடுத்தார்கள். ஒப்பிட வேறு ஆள் இல்லையே. அண்ணை சொன்னது இப்படித்தான் பலித்தது. பனி உருகும் காலத்தில் எங்கள் முடிவும் வந்தது. அண்ணையைத் திருப்பி அனுப்பினார்கள், என்னை இருக்க விட்டார்கள். எங்கள் இருவரில் எதைப் பார்த்துத் தீர்மானித்தார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு பிள்ளைகளை வைத்து, இவன் தேறுவான், அவன் தேறமாட்டான் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். அந்தப் பொடியனின் கமக்கட்டுச் சூடு இன்னும் என் கைகளில் இருக்கிறது. அவனைக் கொன்றவனாக நான் வாழாமல் இருப்பது, வெறும் உடம்பு என்று நாங்கள் எடைபோட்ட நெட்டையன் அன்று என்னைத் தள்ளிவிட்டதால்தான்.