சகோதரர் மண்டபத்து வாசல்

சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டி ஈரத்துணியில் ஏறும்போது வரும் புகைந்த மணத்தை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபந்தான். அந்தப் பெட்டியின் கீழே கிடந்தது அப்பாவின் கறுப்புக் கோட். எங்கள் பழைய ஊர் வீடு கலவரத்தில் எரிந்த அன்று சலவைக்குப் போயிருந்ததால் தப்பிய ஒரே உடுப்பு. திருகோணமலைக்கு வந்து துறைமுகத்து இழுவைப் படகொன்றில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அதை அவர் போட்டது ஒரே ஒருநாள்.

அப்பா ஒரு சகோதர சங்கத்தில் இருந்தவர். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அதற்கொரு மண்டபம். யன்னல்கள் எப்போதும் சாத்தியே கிடந்ததால் நாங்கள் சிறுசுகள் அதைப் "பேய்ப் பங்களா" என்போம். வெளியூர்ச் சகோதரர் ஒருவர் கூட்டத்துக்கு உள்ளே போக அங்கே ஒரு சட்டம். கையில் சங்கத்தின் பத்திரம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், முன்பு அவரோடு கூட்டத்தில் இருந்த ஒருவர் வாசலுக்கு வந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்று வாயால் சொல்லவேண்டும். அவ்வளவுதான், மூன்று சொல். பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. ஆனால் சொல்வதற்கு ஆள் இருந்தார்: துரைசிங்கம் மாமா. பழைய ஊரில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் பல வருடம் இருந்தவர், எங்களுக்கு முன்னரே இங்கே மாற்றலாகி வந்தவர், ஞாயிறு தவறாமல் எங்கள் குசினியில் கணவாய்க் கறியை விரல் சூப்பிச் சாப்பிடுகிறவர்.

அப்பாவைச் சங்கத்தில் சேர்த்துவிட்ட பெரியவர் இறந்துபோக, அந்த மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். செத்தவீட்டுக்குப் போக வழியில்லாமற்போன அப்பாவுக்கு, அந்த மனிதருக்காக ஒருமுறை எழுந்து நிற்க மிஞ்சியிருந்தது அந்த மாலை மட்டுந்தான். கூட்டம் முடிந்து கடற்கரைக்குப் போகலாம் என்று, பத்து வயதுப் பெட்டையான என்னையும் கூட்டிப்போனார்.

சங்க வழக்கப்படி வாசலில் வாளோடு காவல் நின்ற சகோதரர் மரியாதையாகத்தான் கேட்டார். "பத்திரம் இல்லாட்டி, உங்களைத் தெரிஞ்ச ஆர் உள்ளுக்கு இருக்கினம்?"

அப்பா பெயரைச் சொன்னார். மாமா வெள்ளைக் கையுறையோடு வந்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். "கன காலம் தானே... நிச்சயமாச் சொல்ல ஏலாது," என்றார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்பா தெருவின் எதிர்ப்பக்க வேலியோரம் போய், உள்ளே கூட்டம் முடிந்ததற்குச் சுத்தியல் மூன்றுதரம் தட்டும் சத்தம் கேட்கும்வரை, கைகட்டித் தலைகுனிந்து நின்றார். கோட்டின் முதுகு முழுக்க வேர்வை. நாங்கள் கடற்கரைக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறும் அந்த மனுசன் சாப்பிட வந்தார், கேட்டுக்கொள்ளுங்கள்! "அக்கா, அடுத்த வருசம் எனக்குத் தலைவர் கதிரை வருது. பேப்பர் இல்லாத ஆளுக்கு நான் வாய் குடுத்து, நாளைக்கு ஒரு கதை வந்தா?"

அம்மா அகப்பையை ஓங்காத குறை. "என்ர கறியைத் தெரிஞ்ச வாய்க்கு என்ர மனுசனைத் தெரியேல்லையோ?"

அப்பாவோ, "விடுமப்பா, சட்டம் எண்டா எல்லாருக்கும் சட்டந்தான். துரை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்றார்.

பொய் சொன்னவருக்குச் சோறு, அதற்குச் சட்டம் என்று பெயர்! மாமாவின் மேல் வந்த கோபத்தைவிட, அந்தச் சோற்றுக் கரண்டியைப் பிடித்த கையின் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா பிறகு எந்தக் கூட்டத்தின் வாசலுக்கும் போகவில்லை. கோட்டை அலுமாரிக்குள்ளேயே பூச்சி அரித்தது.

போன மாதம் அதே மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை. வாளும் இல்லை, வாசற்காரரும் இல்லை, யன்னலெல்லாம் விரியத் திறந்து கிடந்தன. நீ யார், உன்னை யாருக்குத் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை இலக்கத் துண்டைத் தந்து உள்ளே போகச் சொன்னாள். மூன்று சொல் கிடைக்காமல் அப்பா திரும்பிய வாசலை, கண் மங்கின ஒரே தகுதியில், ரப்பர்ச் செருப்போடு நான் கடந்தேன். எழுத்துப் பலகைக்கு மேலே பழைய தலைவர்களின் பெரிய படங்கள். மூன்றாவதில், கதிரை நிறைய, துரைசிங்கம் மாமா.

"மேல் வரியை வாசியுங்கோ அம்மா," என்றார் இளம் டாக்டர்.

நான் படத்தைக் கைகாட்டினேன்.

"இவரை எனக்குத் தெரியும்," என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க.