ஓட்டியவன் ராமையா அல்ல

அன்று லொறியை ஓட்டியவன் நான். ராமையா அல்ல.

நீதவானுக்கு முன்னால் நின்று, தானே ஓட்டியதாக ராமையா சொன்னான். பொலிஸார் அப்படியே எழுதிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்துத் துரை அதை நம்பினார். ராமையாவின் மனைவி பாக்கியம் அதை நம்பிக்கொண்டே செத்தும் போனாள். இத்தனை பேர் நம்பிய பொய்யை உண்டாக்கியவன் நான்... சவரிமுத்து. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லொறி டிரைவர். ஞாயிறு தவறாமல் கோயிலில் முழந்தாளிடுகிறவன்.

உங்களை எனக்குத் தெரியாது. என்னையும் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதை மட்டும் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்பேன். என்ன பொய் என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டுபோவதும், அங்கிருந்து மாவும் உரமும் ஏற்றி வருவதும் எங்கள் வேலை. தூரப் பயணம் என்பதால் லொறிக்கு இரண்டு டிரைவர்கள். நான் மூத்தவன். ராமையா எனக்கு அடுத்தவன். ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் குடியிருந்தோம். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். அவனுக்குக் கலியாணமாகிப் பல வருடம் கழிந்தும் பிள்ளை இல்லை. என் பிள்ளைகள் அவன் வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பார்கள். பாக்கியம் ரொட்டி சுட்டால் முதல் ரொட்டி என் கடைக்குட்டிக்குத்தான்.

அன்று கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மறுநாள் என் மூத்த மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பொழுதோடு வீடு சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ராமையா பக்கத்து ஆசனத்தில் தூங்கிக்கொண்டு வந்தான். யட்டியாந்தோட்டையைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு. அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குறைக்கவில்லை.

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. திருப்பினேன்... திருப்புவதற்குள் லொறியின் பக்கம் வண்டியில் மோதிவிட்டது. லொறி வீதியோரக் கானுக்குள் இறங்கி நின்றது. வண்டிக்காரர் வீதியில் கிடந்தார். அவருடைய கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

அந்த மனிதருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கில் வாசித்திருப்பார்கள். நான் காதில் வாங்கவில்லை. அவர் பிறகு நடந்தாரா என்றும் விசாரிக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் இறங்கி ஓடி அவரைத் தூக்கி நிழலில் கிடத்தினோம். பிறகுதான் ரப்பர் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். யார் ஓட்டியது என்று பார்த்தவர் எவருமில்லை. அந்த எண்ணம் என் மனத்தில் எப்போது வந்தது தெரியுமா? வண்டிக்காரர் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போதே!

என் லைசென்சில் ஏற்கெனவே ஒரு குற்றம் பதிந்திருந்தது. முன்பு குருநாகல் பக்கம் போனபோது, வேகமாக ஓட்டினேன் என்று பிடித்து வழக்குப் போட்டிருந்தார்கள். இன்னொன்று வந்தால் லைசென்சே போய்விடும். ராமையாவின் லைசென்சில் ஒரு கீறல்கூட இல்லை.

அவனைத் தனியே அழைத்துப் போனேன். நீ ஓட்டியதாகச் சொல், முதல் தடவை என்றால் தெண்டத்தோடு விட்டுவிடுவார்கள் என்றேன்.  நம் தோட்டத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான்.

"இது கீழ்நாடுடா. இங்க உள்ளது இங்கயே முடிஞ்சிரும். நம்ம பக்கத்துக்கெல்லாம் வராது."

இப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

ராமையா வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சரிண்ணே. நீங்க புள்ளகுட்டிக்காரரு. நாங்க ரெண்டு பேருதானே."

பொலிஸ்காரர் வந்து யார் ஓட்டியது என்று சிங்களத்தில் கேட்டபோது, "மம, ராளஹாமி" என்று அவனே முன்னால் போய் நின்றான். நான்தான் ஐயா என்று. அந்த நேரத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது என் உடம்பு கூசுகிறது.

மறுநாள் என் மகள் வெள்ளை உடுப்போடு நற்கருணை வாங்கினாள். நானும் வாங்கினேன்.

வழக்கு அந்தப் பக்கத்து நீதிமன்றத்தில் நடந்தது. தெண்டத்தோடு போகவில்லை. ஒரு மனிதனின் கால் முறிந்திருக்கிறது அல்லவா... லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. மொழிபெயர்ப்பவரிடம் ராமையா ஒரே ஒரு கேள்வி கேட்டான். இந்தப் பக்கத்தில் மட்டும்தானே ஓட்டக்கூடாது, எங்கள் ஊரில் ஓட்டலாம் அல்லவா என்று. அவர் சிரித்துவிட்டார். முழு இலங்கைக்கும் ஒரே லைசென்ஸ்தான், எங்கே குற்றம் செய்தாலும் கொழும்பில் பதிவாகும், நீ எந்த மலையில் ஏறி ஒளிந்தாலும் அது கூடவே வரும் என்றார்.

நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ராமையா திரும்பி என்னைப் பார்த்தான். "எனக்கும் தெரியாதே" என்பதுபோலக் கையை விரித்துக் காட்டினேன்.

நாங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த சில நாட்களில் துரைக்கும் தீர்ப்புத் தகவல் வந்துவிட்டது. ராமையாவை லொறியிலிருந்து எடுத்துத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். பழக்கமில்லாத கை. கத்தி பட்டுப் பட்டு விரலெல்லாம் புண். அவன் இடத்துக்கு நோட்டன்பிரிட்ஜிலிருந்து ஒருவன் வந்தான். என்னைப் பெரிய டிரைவர் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் மாலை லொறிக் கொட்டகைக்கு ராமையா வந்தான். துரையிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுவது போலத்தான் கேட்டான். பாக்கியம் முழுகாமல் இருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னான். இத்தனை வருடம் கழித்து... சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கமும் சிரிப்பும்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த முகத்தைப் பார்த்த பிறகாவது துரையின் பங்களாவுக்கு நடந்திருப்பீர்கள் அல்லவா?

நான் அவனைப் பயமுறுத்தினேன்.

"கோட்டுல பொய் சொன்னவனுக்கு மறியல் வீடுதான் ராமையா. மொதல்ல நீ போவ. பொறகுதான் நானு" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "தடை முடியிற வரைக்கும் எந்த வண்டியயும் தொட்றாத. தோட்டத்துக்குள்ளகூடத் தொடாத. பிடிச்சா பழசையும் கிண்டிருவாங்க. புள்ள பொறக்குற நேரத்துல நீ உள்ள கெடக்கணுமா?"

அவனுக்காகச் சொன்னது போலத்தானே இருக்கிறது? அப்படி இல்லை. அவன் இன்னொரு தடவை நீதிமன்றம் ஏறினால் என் பெயரைச் சொல்லிவிடுவானோ என்ற நடுக்கம் எனக்கு. என் பயத்தை எடுத்து அவன் மடியில் கட்டிவிட்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பாக்கியத்துக்கு நாள் நெருங்கியபோது நல்ல மழைக்காலம். ஒருநாள் காலையில் நான் புது டிரைவரோடு லொறியை எடுத்துக்கொண்டு அட்டன் ஸ்டேசனுக்குப் போய்விட்டேன். துரை தம் காரில் நுவரெலியா போயிருந்தார். நான் போன பிறகு பாக்கியத்துக்கு வலி கண்டிருக்கிறது. வலியோடு இரத்தமும். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, இது இங்கே வைத்துப் பார்க்கிற காரியமில்லை, உடனே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றிருக்கிறார்.

கொட்டகையில் தோட்டத்து ஜீப் நின்றது. ஓட்டத் தெரிந்தவன் தோட்டத்திலேயே ஒருவன்தான் இருந்தான்.

தோட்டத்து ஆபீசுப் பெரிய கிளாக்கர் ஐயா சாவியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, யார் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். ராமையா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தானாம். ஸ்டீயரிங்கில் கையை வைத்தவன் அப்படியே இருந்தானாம்.  பிறகு இறங்கி வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

"என்னால ஏலாதுங்க ஐயா. என்னய உள்ள வச்சிருவாங்க. புள்ளய யாரு பாப்பா?"

இவனுக்கு என்ன பைத்தியமா என்று கிளாக்கர் ஐயா என்னிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பைத்தியம் இல்லை ஐயா என்று மனத்துக்குள் சொன்னேன். நான் சொன்னதை நம்பினான். இரண்டாவது தடவையும் நம்பினான்...

கம்பளியை ஏணைபோல ஒரு கம்பில் கட்டி அவளை அதில் படுக்கவைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி மழையில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நான் அட்டனிலிருந்து திரும்பி ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் எதிரே ஒரு கூட்டம் தெரிந்தது. முன்னால் கம்பைத் தாங்கியவன் ராமையா. கம்பளியின் அடியிலிருந்து சொட்டியது மழைநீர் மட்டுமல்ல.

அவளைக் காலி லொறியில் ஏற்றினார்கள். லொறியைத் திருப்பக்கூடிய இடம் வரை பின்னோக்கியே ஓட்டினேன். பிறகு எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. பின்னாலிருந்து அவள் என் மகளுடைய பெயரைச் சொல்வது கேட்டது. கடைக்குட்டியின் பெயரை. பிறகு சத்தமில்லை. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுபோனது இரண்டு பிணங்களை. குழந்தையை வெளியே எடுக்கவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால்... என்றார் அங்கிருந்த டாக்டர். 

தோட்டத்தில் எல்லோரும் ராமையாவைத்தான் ஏசினார்கள். சாவி கையில் இருந்தும் பெண்டாட்டியைச் சாகவிட்ட கோழை என்றார்கள். பாக்கியத்தின் அண்ணன் தலவாக்கொல்லையிலிருந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் அவன் முகத்தில் துப்பினான். நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும்! ஒரே ஒரு வார்த்தை! நான் பார்வையைத் தரைக்கு இறக்கினேன். ராமையா துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

இரண்டு வருடம் முடிந்தது. மீண்டும் லைசென்ஸ் எடுத்தால் அவனை லொறியில் சேர்த்துக்கொள்ளலாம், நீ போய்ச் சொல் என்றார் துரை. எனக்கு ஒரு நப்பாசை. அவன் திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், எல்லாம் ஒருவாறு சரியாகிவிடும் என்று நினைத்தேன். எது சரியாகும்? செத்தவள் எழுந்து வருவாளா? ஆனாலும் நினைத்தேன்.

அவன் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தான். துரை சொன்னதைச் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்கு மொதல்ல கேசு விழுந்தது எங்க?"

"குருநாகல்ல."

"அதுக்கு இங்க தொரை ஒங்கள ஏசுனாருல்ல?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன்.

"அப்ப எங்க செஞ்சாலும் நம்மகூட வரும்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

கேள்வியாகக்கூட அவன் அதைக் கேட்கவில்லை.

ஆம். தெரியும். குருநாகலில் செய்த குற்றம் மலையேறி என்னிடம் வந்ததால்தானே நான் பயந்தேன்! வராது என்றால் எனக்கு அவன் எதற்கு? இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருடமும் இரண்டு உயிரும் வேண்டியிருந்தன. முதலிலேயே கண்டுபிடித்திருப்பான். என்னை நம்பியதால் யோசிக்கவில்லை.

அவன் கத்தவில்லை. அடிக்கவில்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "போங்கண்ணே, புள்ளைங்க தேடும்" என்றான். அப்போதும் அண்ணே என்றுதான்...

லைசென்சுக்கு அவன் போகவில்லை. இப்போது வீதியோரம் கான் வெட்டுகிறான். மழைத்தண்ணீர் ஓடுவதற்குப் பாதையோரமாக வெட்டுகிற கான்கள். உண்மையைச் சொல்லிவிடு என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். யாரிடம் சொல்ல? அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். பாக்கியத்தின் அண்ணன் போன வருடம் பாஸ்போட் வாங்கி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். ராமையாவிடமே போய், எல்லோருக்கும் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். சொல்லி என்ன செய்ய என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தான். அதையே ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். என் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். அது இன்னொரு சாக்கு. சாமியாரிடம் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும். யாருடைய சார்பில் மன்னிப்பார் அவர்? பாக்கியத்தின் சார்பிலா?

நாளைக்குக் கொழும்பு லோடு இருக்கிறது. அவன் வேலை செய்கிற வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். லொறிச் சத்தம் கேட்டதும் அவன் மண்வெட்டியோடு ஓரமாக ஒதுங்கி வழிவிடுவான். நான் நேரே பார்த்து ஓட்டுவேன்.