புதுக்கருக்கு கலையாத தாமரைக் காசு

கை மாறுறதுக்குன்னே அடிச்சு வுட்ட காசுல, கைபடாதது எங்க கீதுன்னு தேடினு அலையறதுதான் நம்ம பொழப்பு! சிரிக்காதீங்க, இதப் படிக்கிற பாதிப் பேரு வூட்டுலயும் பழைய காசு சேத்து வச்ச டப்பா ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆபீசுல ரெண்டு கடுதாசிக்கு நடுவுல இத டைப் அடிச்சினு கீறேன்.

நான் தேடினது ஒண்ணே ஒண்ணு. தாமரைப் பூ போட்ட பித்தள இருபது பைசா. தேஞ்சது கெடைக்கும். எனக்கு இதழு இதழா கோடு நிக்கணும், இப்பத்தான் அடிச்சாப்பல இருக்கணும். ஆனா தங்கம் கலந்துகீதுன்னும், லட்சுமி பூஜைக்குன்னும் ஜனங்க அல்லாத்தையும் பதுக்கிட்டாங்க. அலுமினிய இருபது பைசா வந்தப்புறம் சுத்தமா கண்ணுலயே படல.

கண்டக்டர் பை

சித்தூர்லருந்து திருப்பதி போற பஸ்சு. "பையில கீற இருபது பைசா அல்லாம் காட்டுங்கண்ணா"ன்னேன். நல்ல மனுசன், அந்தக் கூட்டத்துலயும் உள்ளங்கையில கொட்டிக் காமிச்சாரு. ஒவ்வொண்ணா ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். தாமரை இருந்துது, ஆனா தேஞ்சு முட்டகோசாட்டம் ஆயிருந்துது. வாணாம்னு திருப்பிக் குடுத்தேன்.

"சில்லற இல்லன்னு சண்ட போட்றவங்களப் பாத்துகீறேன் சார். சில்லறய பொண்ணு பாக்குறாப்பல பாக்குற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

புளி

கல்யாணமான புதுசு. புத்தூர் மளிகைக் கடையில ஒண்ணு மாட்டிச்சு. தேய்மானமே இல்ல, மேல லேசா பழுப்பு. அந்தப் பழுப்புதான் அழகு, அதத் தொடக்கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

சாயந்தரம் வூட்டுக்கு வந்தா, என் சம்சாரம் ஜெயா குத்துவெளக்கோட சேத்து அதையும் புளி போட்டுத் தேச்சு வச்சுகீறா. மேல்தோலே போய்ட்சு. காசு பளபளன்னு செத்துக் கெடக்குது. அவ என் மூஞ்சியவே பாத்துகினு நிக்கிறா. இன்னா சொல்றது? "சூப்பரா கீது ஜெயா"ன்னேன். அவ மொகம் அப்பிடி மலந்துபோச்சு.

"இன்னும் இருந்தா எடுத்தாங்க, கையோட தேச்சுத் தந்துட்றேன்!"

மஞ்சத் துணி

எங்க பொண்ணுக்குக் கைக்கொழந்தையா இருக்கச் சொல்ல ஜுரம் வந்து எறங்கவே இல்ல. ஜெயா ஏழுமலையானுக்கு வேண்டிக்கினு, மஞ்சத் துணியில ஒரு காசு முடிஞ்சு வச்சா. புள்ள பொழச்சு, ஓடியாட ஆரம்பிச்சப்புறம் திருமலைக்குப் போனோம்.

உண்டியலாண்ட முடிச்ச அவுத்தா. தாமரை! ஒரு கோடுகூட மழுங்கல. அவங்கம்மா பூஜைக்குன்னு புதுசுலயே எடுத்து வச்சதாம், ஜுரம் வந்தன்னிக்குக் குடுத்தாங்களாம். நான் குனிஞ்சு இதழு இதழா பாத்துகினு நிக்கிறேன். பின்னால ஒரே தள்ளு, "ஜரகண்டி, ஜரகண்டி"ன்னு சத்தம்.

"ஜெயா, என் பையில வேற இருபது பைசா கீது. அதப் போட்டா சாமி கோச்சுக்குமா?"

அவ திட்டல. காச என் உள்ளங்கையில வச்சா.

"சாமி ஒண்ணும் கோச்சுக்காது. ஆனா புள்ள கண்ணு தொறக்காம கெடந்தப்ப நான் கையில புடிச்சுகினு அழுதது இதத்தாங்க. நீங்களே பாத்துப் போடுங்க."

பொண்ணத் தூக்கி அவ கையாலயே அதப் போட வச்சுட்டேன். நம்ம காசு சேக்குற ஆளுங்கள்லயே ஏழுமலையான் ஒருத்தருதான், ஒரே மாதிரி காசு ஆயிரம் இருந்தாலும் ஒண்ணக்கூட மாத்திக்கத் தரவே மாட்டாரு.