பயணிகள் தள்ளியபோது அதிகாரி எங்கே இருந்தார்

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். கட்டுரை எழுதச் சொன்னால் பையன்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'தென்', அதாவது ஒரு 'அப்புறம்', போடுவார்கள். எழுந்தேன், தென் பல் விளக்கினேன், தென் கஞ்சி குடித்தேன், தென் யானை வந்தது. கஞ்சி குடிப்பதற்கு முன்னால் யானை வந்ததா, குடித்துக்கொண்டிருக்கும்போது வந்ததா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'வைல்', 'அன்டில்' என்று நாலு சொல்லைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இந்த நாலையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் உலகத்தில் நடந்த எதையும் குழப்பம் இல்லாமல் சொல்லிவிடலாம் என்று மார்தட்டுவேன். அதையே வீட்டிலும் சொல்லித் திரிந்ததால் அக்கா காதுவரை போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரர் கந்தர்வக்கோட்டை பஸ்ஸுக்கு டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸின் பின்னால் ஆள் உயர டிரம் ஒன்றை மாட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். சமதரையில் ஏதோ ஓடும். கண்மாய்க் கரை ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். உடனே எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, டிக்கெட்டோடு சேர்ந்த வேலை அது. கரைமேல் ஏறியதும் மச்சான் வண்டியை நிறுத்தி, பின்னால் நடந்து வருகிறவர்களை ஏற்றிக்கொள்வார். ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. கரி அணைந்தால் திரும்ப மூட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

ஒரு சித்திரை மாதத்தில் அந்த பஸ்ஸில் சமஸ்தானத்து அதிகாரி ஒருவர் வந்தார். தலைப்பாகை, வெள்ளைக் கோட்டு, குடை, எல்லாம் உண்டு. ஏற்றத்தில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அதிகாரியும் இறங்கினார், ஆனால் தள்ளவில்லை. குடையை விரித்துக்கொண்டு பக்கத்து முந்திரிக்காட்டுக்குள் போனார். பஸ் கரைமேல் ஏறியது, ஜனங்களும் ஏறினார்கள், அதிகாரியை மட்டும் காணோம். மச்சான் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. காட்டுக்குள் ஒதுங்கப் போன பெரிய மனிதரைத் தேடிக்கொண்டு போவதாவது, அவர் எந்த நிலையில் இருக்கிறாரோ. இப்படி மரியாதை பார்த்துப் பார்த்தே நேரம் போயிற்று. கரி அணையப்போகிறது என்று கண்டக்டர் கத்தியதும் மச்சான் வண்டியை எடுத்துவிட்டார். அதிகாரி சாயங்காலம் வைக்கோல் வண்டியில் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாளே புகார். டிரைவர் வேண்டுமென்றே தன்னை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனான் என்று பெரிய ஆபீசுக்கு எழுதிவிட்டார். இங்கிலீஷில் விளக்கம் எழுதித் தர வேண்டும், அது சரியாக இருந்தால்தான் மச்சான் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று உத்தரவு வந்தது. அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நாலு வார்த்தை நாலு வார்த்தைன்னு பீத்திக்கிட்டியே தம்பி, அதை இப்ப எழுது. ஒங்க மச்சானுக்கு வேலை போச்சுன்னா நானும் பிள்ளைகளும் இங்கிட்டுத்தான் வந்து ஒக்காருவோம்."

என் வீட்டில் இருந்தது ஒன்றரை அறை. அன்றைக்கே எழுதிவிட்டேன். கரி குறைந்து பஸ் நின்றதிலிருந்து ஆரம்பித்து, எதற்கு முன் எது, எதற்குப் பின் எது, எதுவரை டிரைவர் காத்திருந்தார் என்று பிசகில்லாமல் வரிசையாகப் போனது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

பஸ் முதலாளியின் கையெழுத்தும் அதில் வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் சமஸ்தானத்து நடைமுறை தெரியும். தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டவர் முகம் சுளித்தார். அதிகாரியைப் பற்றி எழுதும் காகிதம் கரியில் ஆரம்பிக்கலாமா, அவுக மனசு என்னாகும் என்று கேட்டார். தர்பாரில் உட்காருகிற வரிசைதான் காகிதத்திலும் இருக்க வேண்டுமாம். முதலில் அதிகாரி செய்தது முழுவதும், அப்புறம் பயணிகள் செய்தது, அப்புறம் டிரைவர், கண்டக்டர், கடைசியில் கரி. நான் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். அப்படியானால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அந்தஸ்துப்படி மாற்றி எழுதினேன். என் நாலு சொல்லும் எங்கேயும் ஒட்டவில்லை. கடைசியில் பையன்களைப் போலவே நானும் 'தென்' போட்டேன். அதிகாரி அவர்கள் இறங்கினார்கள், தென் முந்திரிக்காட்டுக்குள் எழுந்தருளினார்கள், தென் வைக்கோல் வண்டியில் ஊர் திரும்பினார்கள். தென் பயணிகள் பஸ்ஸைத் தள்ளினார்கள். தென் டிரைவர் ஹாரன் அடித்தார். தென் கரி குறைந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் காகிதம் திரும்பி வந்தது. அதிகாரி ஊர் போய்ச் சேர்ந்த பிறகு டிரைவர் யாருக்காக ஹாரன் அடித்தார் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. பயணிகள் தள்ளிக்கொண்டிருந்தபோது அதிகாரி எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார்? தெளிவாகப் பதில் வராவிட்டால் டிரைவரை நீக்க வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்கள். அக்கா அன்றைக்கே ஒரு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது கேள்வி அதிகாரிக்கும் போயிருக்கிறது. மறுநாள் அவரிடமிருந்து சேவகன் வந்து என்னைக் கூட்டிப்போனான். போய் நின்றேன். அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளைக் கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அது முந்திரிப்பழச் சாற்றின் கறை. எந்த வண்ணானாலும் அதைப் போக்க முடியாது. ஊரே வெயிலில் பஸ்ஸைத் தள்ளியபோது இவர் மரத்தடியில் பழம் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை ஹாரன் காதில் விழாமல் போகுமா. நான் கறையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வாத்தியார், அவங்க தள்ளிக்கிட்டு இருந்தப்ப நானும் தள்ளிக்கிட்டுத்தான் இருந்தேன்னு எழுதிக்கொண்டாங்க. புகாரை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

எழுதிக்கொண்டு போனேன். பயணிகள் தள்ளிக்கொண்டிருந்தபோது அதிகாரி அவர்களும் கூடத் தள்ளினார்கள். பஸ் கரையேறுவதற்கு முன் களைப்பு மேலிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். கரி அணையும் தறுவாய்வரை டிரைவர் காத்திருந்தார். அதன் பிறகே பஸ் புறப்பட்டது. 'வைல்', 'பிஃபோர்', 'அன்டில்', 'ஆஃப்டர்', நாலும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒரு பொய்யை இவ்வளவு தெளிவாகச் சொல்ல அவற்றால் முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதிகாரி முதல் வரியிலேயே வந்துவிட்டதால் முதலாளியும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மச்சானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அக்கா டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி அத்தோடு விட்டிருக்கலாம். தன் பஸ்ஸை ஒரு அதிகாரியே தள்ளினார் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்த விளக்கத்தைத் தமிழில் சொன்னார்.

அடுத்த மாதம் நானும் கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் அதிகாரி இருந்தார். கண்மாய்க் கரை ஏற்றத்தில் பஸ் வழக்கம்போல நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், ஆனால் ஒருவரும் வண்டியில் கை வைக்கவில்லை. பின்பக்கம் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு, அதிகாரி முகத்தையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முந்திரிக்காட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் போய் நின்று தள்ளினார். நானும் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று தள்ளினேன்.

பாதி ஏற்றத்தில், மூச்சு இரைக்க, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் தள்ளி முடிச்ச பிறகு நான் தள்ளினேன்னு எழுதியிருக்கலாம் வாத்தியார்."

"அப்படி எழுதியிருந்தா இப்ப நீங்க தனியாத் தள்ளணுங்க," என்றேன்.

கரைமேல் மச்சான் பஸ்ஸை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, அவர் மூச்சு வாங்கி மெதுவாக நடந்து வந்து ஏறி உட்காரும்வரை காத்திருந்தார். அதற்குள் கரி அணைந்துபோய்விட்டது.